காற்று வரும் பக்கத்துக் கீறல்கள்

குகனிடமிருந்து வட்ஸ்அப்பில் எது வந்தாலும் நான் உடனே திறப்பதில்லை. பொங்கலுக்குப் பானை, தீபாவளிக்கு விளக்கு, புத்தாண்டுக்கு மறுபடியும் அதே பானை என்று படங்கள் மட்டுமே அனுப்புகிறவன் அவன். இருவரும் சுவிசில்தான். அவன் லோசானில் இருக்கிறான், நான் ஓல்டனில். ரயிலில் ஏறி ஒரு கோப்பி குடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும்பினால் அவனுடைய ஊர் வந்துவிடும். இருந்தும் இருவரும் போய் வருவதில்லை. அப்படிப்பட்டவன் போன மாதம் ஒரு மத்தியானம், படம் ஒன்றும் இல்லாமல், வெறும் எழுத்தில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்.

"மச்சான், சிலிண்டர் இன்னும் உன்னட்டை இருக்கோ?"

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதில் புதினம் ஒன்றுமில்லை. கடையில் தயிர் எடுக்கும்போது முன்வரிசையை விட்டுவிட்டு, அலுமாரியின் பின்சுவர் வரை கையை விட்டு எடுப்பவன் நான். ரயில் சரியான நேரத்துக்கு வந்து நின்றாலும், இது பிந்தி வந்த முந்தைய ரயிலாக இருக்குமோ என்று பலகையை மறுபடி பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். "இருக்கு. ஏன்?" என்று பதில் போட்டேன்.

"திருத்துவமோ எண்டு யோசிக்கிறன்."

"ஏன் இப்ப?"

நீலக் கோடுகள் இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. இத்தனை வருடம் சும்மா கிடந்த ஒன்றை ஒருவன் திடீரென்று கேட்கிறான் என்றால், பின்னால் யாரோ இருக்க வேண்டும். அதை யோசித்துக்கொண்டே கீழே இறங்கினேன்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்கு அடியில் மரச்சட்டம் அடித்த கூடு ஒன்று உண்டு. கெல்லர் என்போம். வீட்டில் வைத்திருக்க இடமில்லாததும் எறிய மனமில்லாததும் அங்கே போய்ச் சேரும். யாருடைய சாமத்திய வீட்டுக்கோ இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சோற்றுக் கிடாரம், மகளுக்குச் சின்னதாகிப்போன பனிச்சறுக்குச் சப்பாத்துகள், வேலை செய்யாத ஒரு மாவரைக்கும் இயந்திரம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பெரிய ஐஸ்கிரீம் பெட்டி. அதற்குள், அம்மா வேலை செய்த பராமரிப்பு இல்லத்தின் பழைய துவாயொன்றில் சுற்றியபடி, சிலிண்டர் இருந்தது.

துவாயைப் பிரித்ததும் மணம் வந்தது. பெற்றோல் எப்போதோ ஆவியாகிப் போயிருக்கும், ஆனால் அதனோடு கலந்த ஒயில் அப்படிப் போகாது. எங்களுடையது ஆமணக்கெண்ணெயில் செய்த பந்தய ஒயில். குகன்தான் அதைப் பிடிவாதமாக வாங்குவான். சின்ன வயதில் வயிறு கழுவுவதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்த சாமானை, பெரியவனானதும் விரும்பி மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிறோமே என்று நான் பகிடி பண்ணுவேன். அது எரியும்போது வருகிற இனிப்புப் புகை இருக்கிறதே, அதை மணந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மணக்காதவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது.

சிலிண்டர் என்று சொல்லிக்கொண்டே போகிறேன். அது எங்கள் மோட்டார் சைக்கிளின் இயந்திரத்திலிருந்து கழற்றிய, ஒரு சின்ன உரல் அளவு அலுமினியக் கட்டி. நடுவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள்தான் பிஸ்டன் ஏறி இறங்கும். குழியின் சுவரில் காகிதத்தைவிட மெல்லிய ஒரு கெட்டிப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு இருக்கும்வரை இயந்திரம் இயந்திரம், போனால் அது கனமான ஒரு பேனாக் குவளை. நான் உள்ளே விரலை விட்டு, நகத்தால் மெதுவாகக் குறுக்கே இழுத்தேன். ஒரு பக்கத்தில் வழுக்கியது. மற்றப் பக்கத்தில் நகம் தடக் தடக்கென்று மாட்டியது. அந்தக் கீறல்கள் அப்படியே இருந்தன.

துவாயில் அந்த இல்லத்தின் சலவை மணம் கொஞ்சமும் மிச்சமில்லை. ஆனால் அம்மாவின் வேலைகள் எனக்கு மணமாகத்தான் ஞாபகம். பராமரிப்பு இல்லத்துக்குப் போக முன்னர், சுவிசுக்கு வந்த புதிதில், அவர் ஒரு சின்னத் தொழிற்சாலையில் இருந்தார். இயந்திரங்களுக்கான காற்று வடிகட்டிகள், நாங்கள் பில்டர் என்கிறோமே, அவை செய்யும் இடம். மடித்த காகிதத்தின் விளிம்பில் பசை தடவி ரப்பர் ஒட்டுவது அவருடைய வேலை. வீட்டுக்கு வரும்போது அந்தப் பசை மணக்கும். மீன்குழம்பு வைத்தாலும் அடங்காத மணம் அது. ஒட்டி முடித்ததும் ஒவ்வொரு பில்டரிலும் ஓர் அம்புக்குறி அச்சிட வேண்டும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு. அம்பு மாறிப்போனால் மேற்பார்வையாளர் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவாராம். கழித்துவிட்ட பில்டர் ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு விளையாடத் தந்தபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"காத்துக்கு ரெண்டு பக்கம், தம்பி. இது ஊத்தைப் பக்கம், இது துப்புரவுப் பக்கம். இங்காலை ஒரு தூசி விழுந்தாலும் மெசின் செத்துப்போம்."

அப்பாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் சூரிச்சில் ஓர் உணவகச் சமையலறையில் நின்றார். நாங்கள் எழும்ப முன் போவார், படுத்த பின் வருவார். இந்தக் கதைக்குள்ளும் அவர் வரப்போவதில்லை.

நான் ஒரு களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளங்களைக் கண்ட காலத்தில்தான் குகனும் நானும் கூட்டாக அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினோம். குகன் அதே களஞ்சியத்தில் தூக்கு வண்டி ஓட்டியவன். இரண்டாம் கையாக வந்த ஒரு சேற்றுப் பந்தய வண்டி. டூ ஸ்ட்ரோக். விளக்கு இல்லை, இலக்கத்தகடு இல்லை, அமைதி என்பது கொஞ்சமும் இல்லை. விற்ற மனிதன் அடிக்கடி சிரித்ததால் நான் அவனைச் சந்தேகித்தேன். குகன் வாங்கும்போது பேரம் பேசாததால் அவனையும் சந்தேகித்தேன். குகனும் சளைத்தவனில்லை. வண்டியை வைக்க எங்கள் கட்டடத்தில் ஒரு கராஜ் எடுத்து, அதன் பூட்டுக்கு இரண்டு திறப்புகள் வாங்கியபோது, "இரண்டு திறப்பும் ஏன் உங்கடை வீட்டிலை இருக்கு?" என்று கேட்டவன் அவன். ஒரு திறப்பை அவனுக்குக் கொடுத்தேன். இரண்டாவது எங்கள் சமையலறைக் கொக்கியில் தொங்கியது.

பெடியன்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினால் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குகனின் அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். வேறொரு நண்பனின் தாய் அவனுடைய தலைக்கவசத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டார், அதுவும் சரியான நிறப் பையில் போடாததால் கட்டடக் காவலாளியிடம் ஏச்சும் வாங்கினார். என்னுடைய அம்மாவோ வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "கவனம்" என்றார். அவ்வளவுதான். அழுகை இல்லை, சத்தியம் கேட்கவில்லை. எனக்கு அதில் பெரிய பெருமை. என் அம்மா மற்ற அம்மாக்கள் மாதிரி இல்லை என்று களஞ்சியத்தில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அந்த வயதில் வேறு எதைப் பற்றியும் நான் அப்படிப் பெருமைப்பட்டதாக ஞாபகமில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று, கோயிலில் பூசை செய்ய வேண்டும் என்பது. எங்கள் கோயில் தொழிற்பேட்டைக்குள், ஒரு டயர்க் கடைக்கும் கதவு செய்யும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிறது. வண்டியை, காருக்குப் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஐயர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுக்கு நம்பர் இல்லையோ?"

"இது றோட்டிலை ஓடாது ஐயா" என்றான் குகன்.

"அப்ப எங்கை ஓடும்?"

"சேத்துக்கை."

ஐயர் உள்ளே போய், இன்னும் இரண்டு தேசிக்காய் எடுத்துவந்து சில்லுக்குக் கீழே வைத்தார். அம்மா திருநீறு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

ஓடுவதற்கு இடம் கிடைப்பது இந்த நாட்டில் லேசான காரியமில்லை. காட்டுக்குள் ஓடினால் பொலிஸ். வயலுக்குள் ஓடினால் விவசாயி, பிறகு பொலிஸ். ஞாயிற்றுக்கிழமை எங்கே ஓடினாலும் அயலவர், பிறகு பொலிஸ். ஆறு தாண்டி ஒரு மணல்கிடங்குக்காரர் மட்டும் சனி பின்னேரங்களில் கண்டும் காணாததுபோல் இருந்தார். அங்கே போவோம். போவதற்கு முன் பெற்றோலில் ஒயில் கலக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்குக்குத் தனியாக ஒயில் தொட்டி கிடையாது. பெற்றோலோடு கலந்து விட்டால்தான் உள்ளே வழுவழுப்பு இருக்கும். மறந்தால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். எனவே ஒருவன் கலக்க, மற்றவன் கலனைத் தூக்கி வெளிச்சத்தில் நிறம் பார்த்து, மூடியைத் திறந்து மணந்து உறுதி செய்வது எங்கள் வழக்கம். நட்பு என்பது இப்படித்தான் எங்களுக்குள் நடந்தது.

திரும்பி வந்தால் பில்டர் கழுவ வேண்டும். மணல்கிடங்கின் தூசி அதில் அப்பிக் கிடக்கும். அது ஒரு பஞ்சுத் தொப்பி மாதிரி. கட்டடத்துச் சலவை அறையில் எங்களுடைய நாள் எது என்று பார்த்து, அதில் மட்டும்தான் கழுவலாம். இன்னொருவரின் நாளில் ஒரு காலுறை கழுவினாலும் மேல்வீட்டுக்காரி கதவில் தாள் ஒட்டிவிடுவாள். கழுவிப் பிழிந்து பல்கனியில் காயப் போடுவேன். அது காயும்வரை, அதைப் பூட்டும் பெட்டி வண்டியின் இருக்கைக்குக் கீழே திறந்தே கிடக்கும்.

அந்தக் காலத்தில் அம்மா பராமரிப்பு இல்லத்துக்கு மாறிவிட்டிருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், அங்கே புதிதாக வந்திருக்கும் ஒரு பெடியனைப் பற்றிச் சொன்னார். வயதானவர்களுக்கு நடுவில் அவன் ஒருவன்தான் இளையவன். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. அவனுக்குத் தயிர் ஊட்டுவது அம்மாவின் முறை.

"உன்ர வயசுதான்" என்றார். "கரண்டியைப் பாத்து வாயைத் திறக்கிறான்."

"என்ன நடந்ததாம்?" என்று கேட்டேன்.

"மோட்டச்சைக்கிள்" என்றுவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் போட்டார். அவ்வளவுதான், கதை அதோடு முடிந்தது. கவனமாக ஓடு என்றுகூட அன்றைக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமையோ அதற்கடுத்ததோ, மணல்கிடங்கில் குகன் ஓடிக்கொண்டிருந்தபோது வண்டியின் சத்தம் மாறியது. கிணுகிணுவென்று இருந்தது கரகரத்து, பலமிழந்து, மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. மறுபடி உதைத்துப் பார்த்தோம். காலுக்கு எதிர்ப்பே இல்லை. நான் ஓடிப்போய்க் கலனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"நீ ஒயில் விடேல்லை."

"விட்டனான். நீதானே மணந்து பாத்தனி!"

"மணந்தது கலனை. டாங்கியை ஆர் மணந்தது?"

"அப்ப நான் கலனுக்கை ஒண்டும் டாங்கிக்கை ஒண்டும் விட்டனான் எண்டோ சொல்லுறாய்?"

ஆம், அப்படித்தான் சொன்னேன். வேறொருவருக்கு வண்டியை இரவல் கொடுத்து, அவன் வெறும் பெற்றோலில் ஓட்டியிருக்கலாம் என்றும் சொன்னேன். குகனிடம் திறப்பு இருந்தது அல்லவா. அவனோ, விற்றவனுக்கும் எனக்கும் ஏதோ தொடர்பு என்று சொல்லும் அளவுக்குப் போனான். களஞ்சியத்தில் ஒருவரை ஒருவர் கண்டால் பெட்டிகளுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டோம். ஒரு சிலிண்டருக்காக ஒரு சிநேகிதன் போகப் போகிறான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.  ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

கடைசியில் இருவருமாகவே அதைக் கழற்றி வால்ட்டரிடம் கொண்டுபோனோம். ஒருவன் தனியாகக் கொண்டுபோக மற்றவன் விடவில்லை. வால்ட்டர் பக்கத்துக் கிராமத்தில் கராஜ் வைத்திருந்த சுவிஸ்காரர். முகத்தில் எப்போதும் ஒரு கடுப்பு. அவர் பொருளை மாற்றிவிடுவாரோ என்று, சிலிண்டரின் அடியில் மார்க்கரால் ஒரு சின்னப் புள்ளி போட்டிருந்தேன். அவர் எடுத்தவுடன் அடியைத்தான் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளி போட்டிருக்கிறாயா? நல்லது. எல்லோரும் போடுகிறார்கள். இதைத் திருட யாரும் இன்னும் வரவில்லை" என்றார் தன்னுடைய ஜெர்மனில்.

பிறகு விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். என் கையைப் பிடித்து, என் நகத்தையே உள்ளே இழுத்துக் காட்டினார். ஒயில் இல்லாமல் போயிருந்தால், புகை போகிற பக்கத்தில் அலுமினியம் உருகி அப்பியிருக்கும். அங்கே ஒன்றுமில்லை. கீறல் எல்லாம் காற்று வருகிற பக்கத்தில், மெல்லியதாக, நெருக்கமாக. இது தூசியின் வேலை என்றார். பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசுவதற்கு அனுப்பலாம், புதிதாகவும் வாங்கலாம். ஆனால் எங்கிருந்து தூசி வந்தது என்று தெரியாமல் தான் கைவைக்கப் போவதில்லை, காரணம் உள்ளே இருந்தால் திருத்தியதும் அதே வழியில்தான் போகும் என்றார்.

குகன் என்னைப் பார்த்தான். பில்டரைக் கழுவித் திருப்பிப் பூட்டியவன் நான்தான்.

மூவரும் வண்டி நின்ற கராஜுக்கு வந்தோம். வால்ட்டர் இருக்கையைக் கழற்றி, பில்டரை எடுத்து, அதற்குப் பின்னால் இயந்திரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய்க்குள் விரலை விட்டு வழித்தார். சாம்பல் நிறத்தில் களி மாதிரி ஒன்று வந்தது. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்த்தார். அதற்குள் மஞ்சள் நூல்கள் சில இருந்தன. இன்னும் உள்ளே விட்டதும், ஒயிலில் ஊறிய ஒரு மஞ்சள் துணிக் கிழிசல் வந்தது. "சிமெந்தா?" என்றார். யாராவது எங்களோடு பகையா என்றும் கேட்டார்.

நான் அந்தக் களியை மூக்கருகே கொண்டுபோனேன். பெற்றோலுக்கும் ஆமணக்குக்கும் அடியில் சந்தன மணம்.

குகன்தான் முதலில் சொன்னான். "டேய், இது திருநீறடா." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். கராஜ் நிலத்தில் குந்தியிருந்து, கண்ணீர் வருமட்டும் சிரித்தான். அவன்மேல் இருந்த பழி போய்விட்டதல்லவா. வால்ட்டருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல், இது எங்கள் சமயத்தில் பாதுகாப்புக்கு வைப்பது என்றேன். அவர் தன் விரலையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கந்தைத் துணியில் விரலைத் துடைத்தார்.

வால்ட்டர் போனதும் நாங்கள் இருவரும் மேலே வீட்டுக்குப் போனோம். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். குகன் மஞ்சள் துணியைக் காட்ட, அவர் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஓம், நான்தான் வைச்சனான். உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு நேத்தி வைச்சு, காசு முடிஞ்சு சாமித்தட்டிலை வைச்சிருக்கு. திருநீறை முடிஞ்சு மெசினுக்கை வைச்சனான். பெட்டி திறந்து கிடந்துது. சாமான் வைக்கிற இடமாக்கும் எண்டு நினைச்சன்."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே அன்ரி!"

"சொன்னால் எடுத்துப் போடுவியள்." பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "பழுதாப் போச்சோ? ஐயோ. திருத்துங்கோவன்" என்றார்.

குகன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இன்னும் சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் பெட்டியை யோசித்தேன். இருக்கைக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டி ஒரு பந்து வைக்கக்கூடிய அளவு பெரியது. தெரியாத ஒருவர் முடிச்சொன்றை வைப்பதென்றால் அந்தப் பெட்டிக்குள் வைப்பார். அங்கே வைத்திருந்தால் பில்டர் தடுத்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அம்மாவோ பெட்டியைத் தாண்டி, குழாய்க்குள் விட்டு, உள்ளே தள்ளி வைத்திருக்கிறார். பெட்டி பெட்டியாக அம்புக்குறி அச்சிட்ட கை அது.

"அம்மா" என்றேன். "அது துப்புரவுப் பக்கமெல்லோ?"

அவர் லீக்ஸை வழித்துச் சட்டிக்குள் போட்டார். "தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார்.

திருத்துவதா விடுவதா என்பது அதற்குப் பிறகு வேறு கேள்வியாகிவிட்டது. குகன் உடனே அனுப்புவோம் என்று நின்றான். நான் பிறகு பார்ப்போம் என்றேன். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னால், "அன்ரியையுமோ சந்தேகப்படுறாய்?" என்று கேட்பான். நான் யோசித்தது இதைத்தான். திருத்தி ஓடத் தொடங்கினால், கராஜ் திறப்பைக் கொக்கியிலிருந்து எடுத்து ஒளிக்க வேண்டும். ஒளித்தால், எனக்குத் தெரியும் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஒளிக்காவிட்டால், ஒவ்வொரு சனிக்கிழமையும் குழாய்க்குள் விரல் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும். பெற்ற தாயோடு அப்படி வாழ முடியுமா? என்னைத் தடுக்காத அம்மா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தடுக்கவில்லைத்தான், ஆனால் தடுக்காமலே தடுத்துவிட்டாரோ என்று நினைக்கும்போதெல்லாம் கோபம் வந்தது. கரண்டியைப் பார்த்து வாயைத் திறக்கும் அந்தப் பெடியனும் கூடவே ஞாபகத்துக்கு வருவான். கோபம் நிற்காது.

அம்மாவோ கிழமைக்கு ஒருமுறையாவது கேட்பார், "இன்னும் திருத்தேல்லையோ தம்பி?" என்று. அந்தக் குரலில் அவசரமும் இல்லை, குற்றவுணர்வும் இல்லை. மழை விட்டுதோ என்று கேட்பது போலக் கேட்பார்.

அப்படியே இழுபட்டுக் கொண்டிருக்க, குகனுக்குக் கலியாணம் பேசி லோசானுக்குப் போகும்படி ஆயிற்று. வண்டியைத் தான் கொண்டுபோவதாகச் சொன்னான். எனக்குத் தெரியாமல் விற்றுவிடுவான் என்று நான் சிலிண்டரை வைத்துக்கொண்டேன். அதே காரணத்துக்காக அவன் வண்டியை வைத்துக்கொண்டான். இரண்டு பாதியும் இரண்டு வீட்டில் இருந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்பது ஏற்பாடு. இப்படி ஒரு பங்குபிரிப்பைச் செய்துவிட்டு நாங்கள் கைகுலுக்கியும் கொண்டோம்.

வண்டி இழுவைப் பெட்டியில் ஏறிப் போனது ஒரு வியாழக்கிழமை. அடுத்த நாள் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னரே, அம்மா சீலை உடுத்து ஆயத்தமாக நின்றார்.

"கோயிலுக்குக் கொண்டுபோய் விடு தம்பி. நேத்திக் காசு போட வேணும்."

காரில் ஏறும்போது கையில், சாமித்தட்டில் இருந்த காசு முடிச்சு இருந்தது, அதே மஞ்சள் துணியில். நேர்த்தி வைத்த காசை, கேட்டது நிறைவேறினால்தான் உண்டியலில் போடுவார்கள். இது உங்களுக்கும் தெரியும். நாங்கள் பத்திரமாக ஓட வேண்டும் என்றுதான் நேர்த்தி என்றால், நாங்கள் ஓடித்திரிந்த காலத்தில் ஒரு நாள் போட்டிருக்கலாம். வண்டி ஊரை விட்டுப் போன மறுநாள் ஏன் போட வேண்டும்? கோயிலில் அவர் கண்ணை மூடி நின்ற நேரத்தைவிட, நான் அவர் முகத்தைப் பார்த்து நின்ற நேரம்தான் கூட. திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன்.

"என்ன நேத்தி அம்மா அது?"

"அது எனக்கும் முருகனுக்கும் இடையிலை" என்றார். பிறகு, வழியில் கடை திறந்திருந்தால் பால் வாங்க வேண்டும் என்றார். கடை திறந்திருந்தது. வாங்கினோம்.

அதன் பிறகு கேட்கச் சந்தர்ப்பம் வராமல் இல்லை. எத்தனையோ வருடம் ஒரே சமையலறையில் தேத்தண்ணி குடித்தோம். கேட்கவில்லை. போன மாரிக்கு முந்தின மாரியில் அம்மா போய்விட்டார். கடைசி நாட்களில் அவர் வேலை செய்த அதே இல்லத்தில்தான் இருந்தார். நான் தயிர் ஊட்டினேன். என்னைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தார், கரண்டியைப் பார்க்கவில்லை.

போன மாதம் அந்தக் கேள்வி வந்து, நான் கெல்லரில் சிலிண்டரை எடுத்துப் பார்த்த மறுநாள், குகனைத் தொலைபேசியில் பிடித்து நெருக்கினேன். அவன் அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. "உன்ர மகள்தான் எனக்கு எடுத்தவள்" என்றான். என் மகள் ஆரணி ஒரு கம்பெனியில் இயந்திரத் தொழில் பழகுகிறாள். அப்பாவிடம் பாதி வண்டியும் குகன் மாமாவிடம் பாதி வண்டியும் இருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்து, இரண்டையும் எங்கள் கராஜில் சேர்க்கப் பார்த்திருக்கிறாள். என்னிடம் நேரே கேட்காமல் அவனைப் பிடித்ததில், பிள்ளை யாருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பூச்சுப் பூசும் பட்டறைக்கு எடுத்து விசாரித்தேன். பழைய பூச்சை முழுக்கக் கரைத்து எடுத்து, புதிதாகப் பூசி, தேய்த்து மெருகேற்றித் தருவார்களாம். "பழைய கீறல் ஒன்றுகூட இருக்காது" என்று பேசியவர் உற்சாகமாகச் சொன்னார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் அந்த ஐஸ்கிரீம் பெட்டி எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. எனக்குப் பயம் மகளைப் பற்றியா, கீறல்களைப் பற்றியா என்று என்னையே சந்தேகப்பட்டேன். அம்மா என்னிடம் வாயால் சொல்லாத ஒன்று எங்கேயாவது பதிந்திருக்கிறது என்றால் அது இந்தக் குழியின் சுவரில்தான். அதைக் கரைத்துத் தாருங்கள் என்று நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஆரணி முன்னால் வந்து நின்றாள். "அப்பா, திருத்துவமோ, விடுவமோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

"ஓம், திருத்துவம்" என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. மழை விட்டதா என்று கேட்பது போன்ற ஒரு குரலில் வந்தது அது.

சிலிண்டர் போன கிழமை திரும்பி வந்தது. நான் மார்க்கரால் போட்ட புள்ளிகூட இல்லை. மாற்றிவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். உள்ளே விரலை விட்டு நகத்தால் இழுத்தேன். எல்லாப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தேன். ஒன்றும் மாட்டவில்லை. மணல்கிடங்கை மூடி மண் நிரப்பிப் புல் போட்டுவிட்டார்கள். பில்டர் செய்த கட்டடம் இப்போது வீடுகள். ஆமணக்குப் புகை இந்தப் பக்கத்தில் எங்கும் மணப்பதில்லை. அவை போனபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இது செய்தது. சிலிண்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

ஆரணி எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அப்பம்மா உங்களை ஓட வேண்டாம் எண்டு ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

"இல்லை. ஒருநாளும் சொல்லேல்லை."

"நீங்களும் சொல்லேல்லை."

"கவனம்" என்றேன்.

 குகன் மாமா அவளுக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவள் எழும்பினாள். சமையலறைக்குப் போய், கொக்கியில் தொங்கிய கராஜ் திறப்பை எடுத்துத் தன்னுடைய பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மா இருந்த காலம் முழுவதும், அம்மா போன பிறகும், அந்தத் திறப்பு அங்கேதான் தொங்கியது. இன்று காலையில் தேத்தண்ணி வைக்கும்போது பார்த்தேன், கொக்கியில் ஒன்றுமில்லை.